கூட்டுக்காரியை வெட்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நான் செய்த ஒரு துரோகத்தைப் பல பேரிடம் பாதி மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதிக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். மீதிப் பாதியை இப்போதுதான் எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் எரிச்சல் வந்து கிழித்துப் போடாமல் இருந்தால் சரி.

காலை ஏழு மணிக்குப் படப்பையில் பஸ் ஏறுவேன். அங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இரண்டு பேரும் என்னோடு ஏறுவார்கள். ஒருத்தி கண்ணாடி போட்ட குவாலிட்டிக்காரி. நாங்கள் செய்கிற வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே அவளுக்குச் சம்பளம். இன்னொருத்தி திருநெல்வேலிக்காரி, பஸ்ஸில், கேன்டீனில், நின்றபடி, எங்கே விட்டாலும் தூங்குவாள். கொஞ்ச தூரம் போனால் சேரப்பணஞ்சேரி. அங்கே அக்கா ஏறுவாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என்னைவிட நாலு வயது பெரியவள். லைனில் எனக்கு அடுத்த இடம். நான் ஒயரைச் செருகினால் அவள் கிளிப் போடுவாள். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவள் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கிறது. கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள்கூட இவ்வளவு நேரம் ஒட்டி நிற்கமாட்டார்கள்.

ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி போய்ச் சேர, கன்டெய்னர் லாரிகள் மனசு வைத்தால் ஒரு மணி நேரம். மனசு வைக்காவிட்டால் கணக்கே கிடையாது. அந்த நேரத்துக்காக சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரு லூடோ வாங்கினோம். அடியில் காந்தம் வைத்த காய்கள். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் காய் நகராது. டைஸ் மட்டும் ஓடிவிடும் என்பதால் அதை மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவுக்குள் போட்டுக் குலுக்குவோம். ஸ்பீட் பிரேக்கரில் எண் மாறிவிட்டால் செல்லாது, மறுபடி குலுக்க வேண்டும். இந்த ஒரு சட்டத்துக்காக நாங்கள் போட்ட சண்டையில் டிரைவர் அண்ணன் இரண்டு முறை பஸ்ஸை ஓரம் கட்டியிருக்கிறார்.

மற்றபடி தாயக்கட்டம் ஆடி வளர்ந்த கைகள்தானே. காய் வீடு போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு அது பழம். அடித்து வெளியே அனுப்பினால் வெட்டு. நாலு காயும் முதலில் பழமானவள் ஜெயித்தவள். வெட்டினால் இன்னொரு ஆட்டம் இலவசம்.

நாலு பேர் ஆடும்போது கூட்டுச் சேராமல் இருக்க முடியாது. "நான் உன்னை வெட்டமாட்டேன், நீ என்னை வெட்டாதே, ரெண்டு பேரும் சேர்ந்து அவளுங்களை வெட்டுவோம்." ஆரம்பத்தில் வாய் வார்த்தையாகத்தான் இருந்தது. பிறகு குவாலிட்டிக்காரி அம்மா மேல் சத்தியம் பண்ணிவிட்டு அடுத்த ஆட்டத்திலேயே திருநெல்வேலிக்காரியை வெட்டினாள். கேட்டதற்கு, "எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க, ஒன்னும் ஆகாது" என்றாள். அன்றிலிருந்து சத்தியம் செல்லாது என்று முடிவானது. அதற்குப் பதில் வந்ததுதான் டேக்.

கழுத்தில் மாட்டியிருக்கும் கம்பெனி அடையாள அட்டையைத்தான் டேக் என்போம். அது இல்லாமல் கேட்டில் நுழைய முடியாது, கேன்டீனில் இட்லி கிடையாது, தொலைத்தால் கடிதம் எழுதிக் கொடுத்து நாலு பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும். ஆகவே கூட்டுச் சேருகிற இரண்டு பேர் ஆட்டம் முடிகிறவரை டேக்கை மாற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் கழுத்தில் நான், என் கழுத்தில் அவள். யார் யாரோடு கூட்டு என்பது எல்லோருக்கும் பார்த்தாலே தெரியும். கூட்டுக்காரியை வெட்டினால் எல்லோர் முன்னாலும் டேக்கைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் யாரும் அவளோடு கூட்டுச் சேரமாட்டார்கள். டேக் முறை வந்த பிறகு ஏழெட்டு மாதமாக ஒருத்தியும் கூட்டுக்காரியை வெட்டியதில்லை. அம்மாவைவிட அடையாள அட்டைக்குப் பயந்தோம்.

நானும் அக்காவும் நிரந்தரக் கூட்டு. அதற்காக அவளை உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். நாலு விழுந்தால் அஞ்சு கட்டம் போவாள். விரலால் தட்டித் தட்டி எண்ணும்போது நடுவில் ஒரு கட்டத்தை எப்படி விழுங்குவாள் என்பதை எத்தனை முறை உற்றுப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால், "இன்னாடி, எனக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?" என்று பாய்வாள். ஆனால் என்னை ஒருமுறைகூட வெட்டியதில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் ஆர்டர் அதிகம் என்பதால் சனிக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் நாலு பேருக்கும் அன்று லீவு வேண்டும். சூப்பர்வைசர் பாவம், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டு, "ஒருத்தருக்குத்தான் குடுக்க முடியும். யாருன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப்ல பேரைப் போடுங்க" என்று நழுவிவிட்டார்.

"பேசி இன்னாத்துக்கு? ஆடிடலாம்" என்றாள் அக்கா.

ஆளாளுக்குக் காரணம் சொன்னோம். குவாலிட்டிக்காரிக்கு ஒரு நிச்சயதார்த்தம். போகவேண்டிய கட்டாயம் இல்லை, புதுப் புடவை இருந்தது. திருநெல்வேலிக்காரி, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஒரு நா முழுக்க யாரும் எழுப்பாம தூங்கணும், அம்புட்டுதான்" என்றாள்.

எனக்கு டூவீலர் லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை எட்டுப் போடும்போது காலை ஊன்றி ஃபெயிலானவள் நான். ஸ்கூட்டர் வாங்கி வைத்து நாலு மாதம் ஆகிறது. என் தம்பி அதில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறான். "நீ லைசென்ஸ் வாங்கு, வண்டி தரேன்" என்கிறான், என் வண்டியை எனக்கு.

அக்காவுக்கு என்ன காரணம் என்றால், கத்தரிக்காய்.

அவள் மகள் எல்.கே.ஜி. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா. காய்கறி நடனத்தில் மகள் கத்தரிக்காய். போன முறை ஏதோ விழாவில் மேடையேற்றியபோது, கீழே இருந்த கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையென்று குழந்தை வீறிட்டு அழுது, மேடையிலிருந்து குதித்து ஓடி, மைக் ஒயரில் சிக்கி விழுந்து முட்டி கிழிந்துவிட்டது. அன்று அக்கா லைனில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் அப்பாவுக்கும் வேறு கம்பெனியில் ஷிப்ட். இந்த முறை மகள் ஒரு வாரமாகச் சோறு தின்னும்போதெல்லாம் கேட்டாளாம்: "நீ மொத வரிசையில ஒக்காந்திருப்பியாம்மா?" ஒக்காந்திருப்பேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஊதா சாட்டினில் அவளே உடுப்புத் தைத்தாள். தலைக்குப் பச்சைத் தொப்பி, நடுவில் காம்பு.

"எம் பொண்ணு கத்திரிக்காடி. அத்த நான் பாக்காம யாருடி பாக்கறது?" என்று பஸ்ஸில் எங்களிடம் கேட்டாள். அப்போதே மூன்று பேரும் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று பிறகு பல முறை யோசித்தேன். ஆட்டம் என்று வந்த பிறகு விட்டுக்கொடுக்க யாருக்கும் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் கிளம்பியதும் பலகையை விரித்தோம். நானும் அக்காவும் வழக்கம்போல டேக்கை மாற்றிக்கொண்டோம். மற்ற இருவரும் தங்களுடையதை மாற்றிக்கொண்டார்கள். முதல் அரை மணி நேரம் எங்கள் கூட்டு அவர்களைத் துவைத்து எடுத்தது. திருநெல்வேலிக்காரி தூக்கத்தில் தன் காய்க்குப் பதில் குவாலிட்டிக்காரியின் காயை நகர்த்தினாள், அதற்கொரு சண்டை. ஒரகடம் நெருங்கும்போது போட்டி எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான். அவளுக்கு மூன்று பழம், கடைசிக் காய் வீட்டு வாசலுக்கு இரண்டே கட்டம். எனக்கு இரண்டு பழம். இன்னொரு காய் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கடைசிக் காய் அவள் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் பின்னால்.

டப்பாவைக் குலுக்கினேன். மூன்று.

ஸ்பீட் பிரேக்கர் எதுவும் இல்லை. ரோடு அப்போதுதான் போட்ட மாதிரி வழவழவென்று கிடந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, "உள்ள இருக்கற காய நவுத்துடி, கரெக்டா பழம்" என்றாள். அதுவும் மூன்றுதான். அதை நகர்த்தியிருந்தால் எனக்கு மூன்று பழம், அவளுக்கு மூன்று பழம், ஆட்டம் நியாயமாக நடந்திருக்கும்.

என் கை எப்படிப் போனதென்றே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரிந்துதான் போனது. தம்பி ஸ்டாண்டு போட்டு என் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டுகிற காட்சி கண் முன்னால் வந்தது. பின்னால் இருந்த காயை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து, அக்காவின் காயைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன்.

அவள் கழுத்தில் தொங்கிய டேக்கைப் பிடித்து என் முன்னால் ஆட்டினாள்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. "என் கழுத்துல கீறது உன் டேக்குடி!"

"ஆட்டம்னா ஆட்டம்தான்க்கா" என்றேன். இந்த வாக்கியத்தை எந்தச் சனியன் என் வாயில் வைத்தது என்று தெரியாது.

வெட்டியதற்கு இலவசமாக ஒரு ஆட்டம். அதிலும் மூன்று விழுந்தது. உள்ளே இருந்த காய் பழம். அடுத்த நாலைந்து சுற்றில் கடைசிக் காயும் பழம். திருநெல்வேலிக்காரி முழுசாக விழித்து உட்கார்ந்திருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்தது அன்றுதான். "ஏட்டி, இப்படிப் பண்ணலாமா? அந்தப் பிள்ளைக்கு யாரு போவா?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா சேரப்பணஞ்சேரி வரும் முன்னமே எழுந்து படிக்கட்டில் போய் நின்று, பஸ் நிற்கும் முன் குதித்து இறங்கிப் போய்விட்டாள். டேக்கைத் திருப்பிக் கொடுக்கிற சடங்கு எங்கள் நாலு பேருக்கும் மறந்துபோனது. நான் சூப்பர்வைசருக்கு என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து கழுத்தில் இருந்ததைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் பார்த்தேன். அக்காவின் டேக். போட்டோவில் எண்ணெய் வழியும் தலையோடு முறைத்துக்கொண்டிருந்தாள். உடனே ஒரு போன் போட்டு, "அக்கா, டேக் மாறிப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் எல்லோர் முன்னாலும் பாவி என்று சொன்னாளே என்று எனக்கு ரோஷம். வெட்டியது நான், ரோஷமும் எனக்கே! "நாளைக்கு கேட்ல நின்னு அலையட்டும்" என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். அலையட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை டெஸ்ட் மைதானத்தில் வரிசையில் நின்றேன். எட்டு மணி சுமாருக்கு அக்காவிடமிருந்து மூன்று போன். கேட்டில் நின்று என்னைத் திட்டக் கூப்பிடுகிறாள் என்று மூன்றையும் துண்டித்து, போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் தள்ளினேன். என் முறை வந்தது. ஏறி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் ஒரு எட்டுப் போட்டேன். அதிகாரி அட்டையில் எதையோ கிறுக்கி, "பாஸ். அடுத்த ஆள்" என்றார். கரும்பு ஜூஸ் இரண்டு கிளாஸ் குடித்தேன். தம்பியிடம் இருந்து சாவியைப் பிடுங்கப் போகிற சந்தோஷத்தில் போனைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

பார்த்தபோது சூப்பர்வைசரிடமிருந்து பதினொரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிடத் துணியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குவாலிட்டிக்காரி கூப்பிட்டாள். எடுத்ததும் முதல் கேள்வி, "ஏய், நீ உயிரோடதான் இருக்கியா?"

நடந்தது இதுதான். அக்கா கேட் வரிசையில் வந்து நின்று பார்த்தால் கழுத்தில் என் டேக். என்னைக் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. டேக் இல்லை என்று சொன்னால் தற்காலிக பாஸ் வாங்க ஒரு மணி நேரம். ஏற்கெனவே நான் இல்லை. அவளும் இல்லையென்றால் எங்கள் லைன் நின்றுவிடும். அவசரத்தில் என் டேக்கையே காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். செக்யூரிட்டி போட்டோவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த யூனிஃபார்மில் எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான்.

வேறொரு நாளாக இருந்தால் சாயங்காலம்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கென்று பார்த்து பத்தரை மணிக்கு சைரன் அடித்தது. தீ விபத்து ஒத்திகை. எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி வெளியே போய் மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். உள்ளே வந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர் ஒவ்வொரு பெயராக மைக்கில் கூப்பிடுவார்.

என் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் கையைத் தூக்கி, "சார், அவங்க லீவு" என்றார்.

"லீவா? காலையில எட்டு பதினெட்டுக்கு உள்ள வந்திருக்காங்களே!"

சூப்பர்வைசர் எனக்குப் போன் போட்டார். நான் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். போன் எடுக்கவில்லை என்றதும் ஒத்திகை நிஜமாகிவிட்டது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி உள்ளே ஓடினார்கள். பெண்கள் டாய்லெட் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கைக் கலைத்தார்கள். கேன்டீனில் பெரிய அண்டாவுக்குள்கூட எட்டிப் பார்த்தார்களாம். நான் அதற்குள் எதற்குப் போகப் போகிறேன்? அத்தனை ஜனமும் மொட்டை வெயிலில் நின்றது. மைக்கில் என் பெயர் விடாமல் ஒலித்தது. ஒரு டிரெய்னிப் பெண் நான் செத்துவிட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

கடைசியில் அக்கா கையைத் தூக்கினாள். "சார், தேட வேணாம். நான்தான் அவ."

சேஃப்டி ஆபீசர் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து, "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டார். கம்பெனி முழுக்கக் கேட்டது.

"நான் இன்னிக்கி வரல சார்" என்றாள் அக்கா.

இதுவரைதான் நான் எல்லோரிடமும் சொல்கிற பாதி. இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குவாலிட்டிக்காரி போனில் சொன்னபோது நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "சிரிக்காதடி. அக்காவ ஹெச்.ஆர்.ல ஒக்கார வச்சி லெட்டர் எழுதி வாங்கிகினு, உன் டேக்கைப் புடுங்கிகினு, அப்பவே வெளிய அனுப்பிட்டாங்க. அடுத்தவங்க டேக்குல வந்தா வேலையே போயிடும்னு பேசிக்கிறாங்க. உன்னையும் திங்கக்கிழமை கூப்பிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "அக்கா" என்று டைப் அடிப்பேன், அழிப்பேன். லைசென்ஸ் பாஸ் என்று அம்மா கேசரி செய்தாள்; தட்டைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டேன். தம்பி தானாகவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி அலமாரியில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை சேரப்பணஞ்சேரியில் அக்கா ஏறினாள். கடைசி சீட்டுக்கு வரவில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய்ப் பேசியிருக்கலாம். அந்தப் பின்தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒன்று தோன்ற ஆரம்பித்தது. இவள் சனிக்கிழமையே லெட்டரில் எல்லாவற்றையும் எழுதியிருப்பாள். பஸ்ஸில் ஆட்டம், டேக் மாற்றுகிற வழக்கம், நான் வெட்டியது, போனைத் துண்டித்தது. எழுதாமல் விடுவாளா? நானாக இருந்தால் விடுவேனா? ஒரகடம் தாண்டுவதற்குள் எனக்கு அது நிச்சயமாகிவிட்டது. அவள் என்னை வெட்டிவிட்டாள்.

தற்காலிக பாஸ் வாங்கி உள்ளே போனதும், ஒன்பது மணிக்கு என்னை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவின் டேக்கை மேஜைமேல் வைத்தேன். ஹெச்.ஆர். சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க உங்க பக்கத்தை எழுதுங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுப் பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. அதைத்தான் பாக்கணும்" என்றார்.

பேனாவை எடுத்து எழுதினேன். "வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் அவர் என் அடையாள அட்டையை எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டார். சனிக்கிழமை நான் முறையான விடுப்பில் இருந்தேன். நடந்த தவறு முழுவதும் அவருடையது. எனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அவர் படித்தார். ஃபைலைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரலால் ஓட்டினார். அவர் முகம் இளகியது.

"பொருந்துதும்மா. பேசி வச்சிருந்தாக்கூட இவ்வளவு பொருந்தாது" என்று சொல்லி, அக்காவின் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அக்காவின் கோணல் எழுத்து. "இறங்குற அவசரத்தில் அவள் டேக்கை அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து வந்து விட்டேன். தப்பு என்னுடையது மட்டும் தான் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம்." கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

என் தாளைத் திருப்பிக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் இரண்டையும் சேர்த்து ஃபைலில் குத்திவிட்டார். "நீங்க போகலாம். அவங்களுக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான்" என்றார். அந்த நாள் முழுக்க அக்காவின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. லைனில் பேசக்கூடாது என்பதால் அவள் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று நான் தப்புத் தப்பாக ஒயர் செருகினேன். குவாலிட்டிக்காரி ஒன்றும் சொல்லாமல் கழற்றிச் சரி செய்தாள்.

சாயங்காலம் பஸ் கிளம்பியதும் அக்கா முன்சீட்டிலிருந்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். கன்னத்தில் ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"பாரு எங்கத்திரிக்காய."

வீடியோவில் தக்காளி, வெண்டைக்காய், முருங்கைக்காயோடு ஊதா உடுப்பில் ஒரு குட்டிக் கத்தரிக்காய் தப்புத் தப்பாக ஆடிக்கொண்டிருந்தது. மற்ற காய்கள் இடப்பக்கம் திரும்பினால் இது வலப்பக்கம் திரும்பியது. நடுநடுவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதல் வரிசையைப் பார்த்துக் கையாட்டியது.

"காலையிலயே வெளிய தள்ளிட்டானுங்களா, ஷேர் ஆட்டோ புடிச்சி ஒரு மணிக்கே போயி மொத வரிசையில துண்டு போட்டு ஒக்காந்துகினேன்" என்றாள். "வந்திருக்கறது யாருன்னே தெரியாத கம்பெனி, என்னை வரலன்னுட்டு வெளிய அனுப்பிச்சிது பாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்ன கூப்ட்டாங்களா? இன்னா எழுதிக் குடுத்த?"

"நீ எழுதினதேதான்க்கா" என்றேன்.

"என் மேலதான் தப்புன்னா?"

தலையாட்டினேன். அவள் நீளமாக மூச்சு விட்டு, சீட்டில் சாய்ந்தாள்.

"அப்பாடா! ரெண்டு நாளா எனக்கு அதாண்டி பேஜாரு. ரெண்டு லெட்டரும் வேற வேறயா இருந்தா ரெண்டு பேருக்கும் வேலை பூடும்னாங்க. காலைல உன்னாண்ட பேசினா நீ ஒடனே அழுதுகினு, அக்காவ மாட்டி உட மாட்டேன், நான்தான் எல்லாம் பண்ணேன்னு எழுதிக் குடுத்துடுவ. உன்ன எனக்குத் தெரியாதா? அதான் மூஞ்சியக்கூட பாக்காம முன்னாடி போயி ஒக்காந்துகினேன்."

அவள் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான்க்கா எழுதலாம்னு போனேன்" என்றேன். "அப்பறம் யோசிச்சு மாத்திக்கிட்டேன்."

"எனக்குத் தெரியும்டி" என்று சொல்லி, என் தொடையில் தட்டிவிட்டு, வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.